ஐப்பசி மழையில் கொஞ்சம் நிதானமாக இருக்க முடிகிறதா உங்களால்?

சோழிங்கநல்லூர் ராப்பறவை
நவம்பர் 6, இரவு 11:48

வணக்கம். சிரிக்காமல் படியுங்கள்.

நவம்பர் வந்தால் போதும், எங்கள் அமெரிக்கக் குழுவில் இருப்பவர்கள் மஞ்சளும் சிவப்புமாக இலை கொட்டிக்கிடக்கும் படங்களை அனுப்ப ஆரம்பித்துவிடுகிறார்கள். சீக்கிரம் இருட்டிவிடுகிறதாம், சூப் வைத்துக் குடித்துவிட்டுப் போர்வைக்குள் புத்தகம் படிக்கிறார்களாம். அந்த இலையுதிர்காலம் எனக்கு எப்படி வந்து சேர்கிறது தெரியுமா? நவம்பர் முதல் ஞாயிறு அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பி வைக்கிறார்கள். அன்றிலிருந்து எங்கள் எட்டரை மணி மீட்டிங் ஒன்பதரைக்குப் போய்விடுகிறது. மார்ச் வரைக்கும் அப்படித்தான். அவர்களுக்கு ஒரு மணி நேரத் தூக்கம் கூடுதல். என் மகள் கதை கேட்காமலே தூங்கிவிடுகிறாள்.

நேற்று நல்ல மழை. ஜன்னலுக்கு வெளியே கொட்டுகிறது, நான் காதில் மாட்டிக்கொண்டு "குரல் கேட்கிறதா, கேட்கிறதா" என்று கத்திக்கொண்டிருக்கிறேன். மழைச் சத்தம் தொந்தரவாக இருக்கிறதென்று ஜன்னலைச் சாத்தினேன். சாத்திய பிறகுதான் உறைத்தது. ஏப்ரல், மே எல்லாம் இந்தச் சத்தத்துக்குத்தானே ஏங்கிக் கிடந்தோம்?

இந்த இரண்டு மாதத்தையாவது கொஞ்சம் மெதுவாக வாழ வேண்டும் என்று இருக்கிறது. நீங்கள் எல்லாம் என்ன செய்கிறீர்கள்? தியான ஆப், மூச்சுப் பயிற்சி காணொளி இரண்டும் வேண்டாம். இரண்டுக்கும் பணம் கட்டி ஏமாந்தாயிற்று.


லஸ் முனை
நவம்பர் 7, காலை 6:20

தம்பி, முதலில் ஒரு திருத்தம். தமிழாசிரியனாக முப்பது வருடம் இருந்தவனுக்கு வாய் சும்மா இருக்காது.

நமக்கு இது இலையுதிர்காலமே இல்லை. இங்கே வேம்பு இலை கொட்டுவது மாசி, பங்குனியில். ஐப்பசியும் கார்த்திகையும் நம் கணக்கில் கூதிர். அதற்கு முன்னால் கார், பின்னால் முன்பனி. காற்று திசை மாறி வடகிழக்கிலிருந்து வங்கக்கடல் ஈரத்தை அள்ளிக்கொண்டு வரும் காலம். சென்னைக்கு ஒரு வருடத்தில் கிடைக்கும் மழையில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள்தான் விழுகிறது. ஆக, உங்கள் அமெரிக்கக் குழுவுக்கு மரம் மொட்டையாகும் நேரத்தில் நமக்குத் தொட்டி நிரம்புகிறது, சுவரெல்லாம் பச்சை பிடிக்கிறது. அவர்கள் செய்வதை அப்படியே இங்கே செய்தால் ஒட்டாது.

உதிர்வதைப் பார்த்துத்தான் மனது ஆறும் என்றால் அதற்கும் நம்மிடம் ஒன்று இருக்கிறது. மரமல்லி. எங்கள் தெரு முனையில் ஒன்று நிற்கிறது. காலையில் பால் வாங்கப் போகும்போது அதன் அடியில் தரையே தெரியாது. நீளக் காம்போடு வெள்ளைப் பூ, ஒவ்வொன்றும் விரல் நீளம். ஈரத் தார்ச் சாலையில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். துப்புரவு செய்யும் அம்மா அந்த இடத்தை மட்டும் கடைசியாகத்தான் கூட்டுவார். நானும் எதுவும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

நெடுநல்வாடையில் நக்கீரர் இந்தக் கூதிர் காலத்தைத்தான் சொல்கிறார். மழை விடாமல் பெய்து பகலும் இரவும் ஒன்றாகிப்போகிறது. வீட்டுப் பெண்கள் பிச்சி அரும்பைத் தட்டில் வைத்திருக்கிறார்கள். அது மலர்ந்து மணந்தால் மாலை வந்துவிட்டதென்று அறிந்து விளக்கேற்றுகிறார்கள். வீட்டுப் புறா இரை பொறுக்கப் போகாமல் இரவா பகலா என்று மயங்கிப் பலகையில் கால் மாற்றி மாற்றி நிற்கிறது. பூவைப் பார்த்து மணி தெரிந்துகொண்ட ஊர்க்காரர்கள் நாம். இன்று ஒன்பதரை மீட்டிங்!


பஜ்ஜி பக்தன்
நவம்பர் 7, காலை 9:05

இவ்வளவு யோசிக்க வேண்டியதில்லை. மழை, பால்கனி, வாழைக்காய் பஜ்ஜி, இஞ்சி தட்டிப் போட்ட டீ. முடிந்தது கதை. நிதானம் தானாக வரும்.


மழையளப்பவர்
நவம்பர் 7, மாலை 5:31

நான் பணி ஓய்வு பெற்று ஒன்பது வருடம் ஆகிறது. அம்பத்தூர். ஓய்வு பெற்ற முதல் ஐப்பசி எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. வெளியே நடக்க முடியாது, டிவியைப் போட்டால் எந்நேரமும் சிவப்பு எழுத்தில் ஏதாவது ஓடும், மனைவிக்கு என் முகத்தைப் பார்த்தாலே எரிச்சல். அப்போது பிடித்ததுதான் இந்த மழை அளக்கும் வேலை. இன்றுவரை விடவில்லை.

கருவி எதுவும் வாங்கவில்லை. பக்கவாட்டு நேராக இருக்கிற, அதாவது வாயும் அடியும் ஒரே அகலமாக இருக்கிற டப்பா ஒன்று போதும். என்னுடையது பழைய பிஸ்கட் டின். அதை மொட்டை மாடியின் நடுவில், மதில், தண்ணீர்த் தொட்டி, மரம் எதுவும் மறைக்காத இடத்தில் வைக்கிறேன். காற்றில் உருளாமல் இருக்கச் சுற்றிலும் நான்கு செங்கல். தினமும் காலை எட்டரை மணிக்கு ஒரு ஸ்டீல் ஸ்கேலை உள்ளே நிறுத்தி, எத்தனை மில்லிமீட்டர் நனைந்திருக்கிறதென்று பார்க்கிறேன். பிளாஸ்டிக் ஸ்கேல் வேண்டாம். பெரும்பாலானவற்றில் பூஜ்யத்துக்கு முன்னால் கொஞ்சம் வெற்று இடம் இருக்கும், கணக்கு உதைக்கும்.

ஏன் எட்டரை? வானிலை ஆய்வு மையமும் முந்தைய நாள் காலை எட்டரையிலிருந்து அன்று காலை எட்டரை வரைதான் ஒரு நாள் மழை என்று கணக்கு வைக்கிறது. நுங்கம்பாக்கத்தில் ஒருவர் அளக்கிற அதே நேரத்தில் அம்பத்தூரில் நானும் அளக்கிறேன். இதில் எனக்கு ஒரு அல்ப சந்தோஷம்.

அளந்ததைத் தினத்தாள் காலண்டரில் அந்தத் தேதியிலேயே எழுதுவேன். அவ்வளவுதான் வேலை, மொத்தம் நான்கு நிமிடம். ஆனால் அந்த நான்கு நிமிடத்துக்காக மாடி ஏறுகிறேன், வானத்தைப் பார்க்கிறேன், கைப்பிடிச் சுவரில் ரயில் பூச்சி ஊர்வதைப் பார்க்கிறேன். அதற்கு எத்தனை கால் என்று எண்ண முயன்று தோற்றுவிட்டுக் கீழே இறங்குகிறேன். அன்றைக்குப் பேப்பர் படித்தாலும் படபடப்பு வருவதில்லை.

ஒரு கணக்கும் சொல்லிவிடுகிறேன். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் சரியாக ஒரு லிட்டர். 600 சதுர அடி மாடி கிட்டத்தட்ட 56 சதுர மீட்டர். 40 மி.மீ. பெய்தால் 2,200 லிட்டருக்கு மேல். 2019 கோடையில் லாரித் தண்ணீருக்கு எத்தனை நாள் காத்திருந்தோம் என்று நினைத்துப் பாருங்கள்.


முடிச்சூர் அக்கா
நவம்பர் 7, இரவு 10:14

எல்லாம் படிக்க அழகாக இருக்கிறது. கோபப்படாமல் எழுதப் பார்க்கிறேன்.

2015 டிசம்பர் முதல் தேதி ராத்திரி எங்கள் தெருவில் தண்ணீர் வந்தது. அன்றைக்குத் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர். முதலில் வாசல்படி, அப்புறம் ஹால், அப்புறம் கட்டில் விளிம்பு. மாமியாரை நாற்காலியோடு தூக்கி மாடி வீட்டில் உட்கார வைத்தோம். இரண்டு நாள் அங்கேதான். கீழே எங்கள் கிரைண்டர் மிதந்த சத்தம், சுவரில் டக் டக்கென்று இடித்துக்கொண்டே இருந்த அந்தச் சத்தம், இன்னும் காதில் இருக்கிறது. மழை நின்று சேறு வாரியபோது கல்யாண ஆல்பத்தில் பக்கங்கள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. பிரித்தால் முகங்கள் வந்துவிடும் என்று அப்படியே வைத்திருக்கிறோம்.

அதிலிருந்து ஐப்பசி என்றால் எனக்கு நிதானம் இல்லை. ராத்திரி மழை பிடித்தால் எழுந்து எழுந்து தெருவிளக்கு வெளிச்சத்தில் சாக்கடை மூடியைப் பார்க்கிறேன். தண்ணீர் உள்ளே போகிறதா, வெளியே வருகிறதா என்று. என் கணவர் குறட்டை விடுகிறார். 2023 மிக்ஜாம் புயலில் எங்கள் பக்கம் தப்பித்தோம், ஆனால் வேளச்சேரியில் இருக்கும் தங்கை வீட்டுக்குள் தண்ணீர். மழையை ரசிப்பதற்கு முதல் தேவை மேடான இடத்தில் வீடு. அது இல்லாதவர்களும் இந்த ஊரில் பாதிப் பேர் இருக்கிறோம்.


ரெண்டு சக்கரம்
நவம்பர் 7, இரவு 11:40

அக்கா சொன்னதுதான். நான் சாப்பாடு டெலிவரி செய்கிறவன். பஜ்ஜி பக்தன் சார், நீங்கள் பால்கனியில் உட்கார்ந்து ஆர்டர் போடுகிற பஜ்ஜி, மழைக்கோட்டுக்குள் என் வயிற்றோடு ஒட்டித்தான் வருகிறது. மழை என்றால் ஆர்டர் கூடும், பள்ளம் தெரியாது, போன் திரையில் தண்ணீர் பட்டால் விரலுக்கு வேலை செய்யாது.

ஆனால் ஒன்று உண்மை. ரொம்பக் கொட்டினால் எல்லோருமே ஏதாவது மேம்பாலத்துக்கு அடியில் ஒதுங்கிவிடுவோம். யாரும் யாரையும் அவசரப்படுத்த முடியாது. எந்த கம்பெனி சட்டை போட்டிருந்தாலும் எல்லோரும் ஒரே தூணில்தான் சாய்ந்து நிற்கிறோம். போன வாரம் ஒரு இருபது நிமிடம் அப்படி நின்றேன். பக்கத்தில் கல்லூரிப் பையன், பூக்கூடையோடு ஒரு பாட்டி, ஒரு நாய். பாட்டி நாய்க்குச் சாக்கை நகர்த்தி இடம் விட்டார். எங்களுக்குக் கிடைக்கிற ஓய்வு அவ்வளவுதான். அதற்கும் "ஏன் தாமதம்" என்று மூன்று மெசேஜ் வந்தது.


சோழிங்கநல்லூர் ராப்பறவை
நவம்பர் 8, நள்ளிரவு 12:25

அக்கா, தம்பி, இரண்டு பேரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எட்டாவது மாடியில் இருந்துகொண்டு கேட்ட கேள்விதான் என்னுடையது. கீழே காரை எங்கே நிறுத்துவது என்பதுதான் என் அதிகபட்ச மழைக் கவலை. இழையை மூடச் சொல்லிவிடவா?


முடிச்சூர் அக்கா
நவம்பர் 8, காலை 5:50

மூட வேண்டாம் தம்பி. கேள்வி தப்பில்லை. எனக்கும் பதில் வேண்டியிருக்கிறது.


மழையளப்பவர்
நவம்பர் 8, காலை 9:12

முடிச்சூர் அம்மாவுக்கு:

நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். உங்கள் பயத்தைப் போக்குகிற தகுதி எனக்கில்லை. அது காரணமுள்ள பயம். ஆனால் என் அனுபவத்தில் ஒன்று சொல்லலாமா?

ராத்திரி மழைச் சத்தத்தை வைத்து அளவு சொல்ல முடியாது. தகரக் கூரையில் விழுந்தால் தூறல்கூடப் பிரளயம் மாதிரி கேட்கும். இரண்டாவது வருடம் ஒரு ராத்திரி முழுக்க இடியும் மின்னலுமாக இருந்தது. சரி, நூறு மில்லிமீட்டர் தாண்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு காலையில் ஏறினேன். ஸ்கேல் காட்டியது 22. வானிலை மையத்தின் கணக்கில் ஒரு நாளில் 64.5 மி.மீ.யைத் தொட்டால்தான் அது கனமழை. 115.6 என்றால் மிகக் கனமழை. 204.5 தாண்டினால் அதிகனமழை. டிவியில் எல்லாவற்றுக்கும் ஒரே பின்னணி இசைதான்.

உங்கள் 2015 கணக்கு 490 மில்லிமீட்டர். அது வேறு. 22-ஐயும் 490-ஐயும் மனது ஒன்றாகக் கேட்கிறது, அதுதான் தூக்கத்தைக் கெடுக்கிறது. எண் கையில் இருந்தால் இரண்டும் தனித்தனியாகத் தெரியும். உங்களுக்குச் சரிப்படுமா என்று தெரியாது. வைத்துப் பாருங்கள்.

ஆனால் அதற்கு முன்னால் செய்ய வேண்டியதைச் செய்துவிடுங்கள். பத்திரங்களைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு மேல் அலமாரிக்கு ஏற்றுவது, மாத்திரை பத்து நாளைக்கு, டார்ச், பவர் பேங்க், மாடி வீட்டாரிடம் ஒரு வார்த்தை. வாசலில் தண்ணீர் எந்த இடத்தைத் தொட்டால் கிளம்புவது என்று சுவரில் ஒரு கோடு. பகலிலேயே முடிவு செய்த கோடு. ராத்திரி இரண்டு மணிக்கு யோசித்து எடுக்கிற முடிவு எதுவும் உருப்படியாக இருக்காது.


துணி காயாத வீடு
நவம்பர் 8, பகல் 2:36

இந்த இழையில் ஒரு விஷயம் இன்னும் வரவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பால்கனியில் உட்கார்ந்து மழையைப் பார்க்கிற ஆண்களே, அந்த பஜ்ஜியைச் சுடுவது யார்? நான்கு நாளாக என் வீட்டில் நாற்காலி முதுகு, ஜன்னல் கம்பி, கதவுக் கைப்பிடி எல்லா இடத்திலும் யூனிஃபார்ம் தொங்குகிறது. ஃபேன் காற்றில் காயவைத்த துணிக்கு ஒரு வாடை வரும். அந்த வாடையோடு பள்ளிக்கு அனுப்பினால் மனது கேட்காது. அயர்ன் பாக்ஸ் வைத்து ஈரத்தை விரட்டிக்கொண்டிருப்பேன், ஏழு மணிக்கு "மாவட்ட ஆட்சியர் விடுமுறை அறிவித்தார்" என்று செய்தி வரும். குழந்தைகள் குதிக்கும். எனக்கு இன்னொரு வேளைச் சமையல்.

மெதுவாக வாழ்வது பற்றி எழுதுகிறவர்கள் யாராவது துணி காயவைத்திருக்கிறார்களா?


பஜ்ஜி பக்தன்
நவம்பர் 8, பகல் 2:50

வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் அம்மா. வாழைக்காய் சீவ மட்டும் எனக்குத் தெரியும்.


துணி காயாத வீடு
நவம்பர் 8, பகல் 2:58

சீவுவது ஐந்து நிமிடம். எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நிற்பது முக்கால் மணி. அதைக் கற்றுக்கொள்ளுங்கள்.


கொசப்பேட்டைக்காரன்
நவம்பர் 9, காலை 7:44

எங்கள் பாடு இதற்கு நேர் எதிர். கார்த்திகை தீபம் வருகிறது, ஊரெல்லாம் அகல் கேட்கும். ஆனால் ஈரக் காற்றில் மண் காயாது. காயாததைச் சூளையில் வைத்தால் வெடித்துப் போகும். ஆக, வருடத்திலேயே அவசரமான மாதத்தில் மண் எங்களை உட்கார வைத்துவிடுகிறது. எங்கள் தாத்தா இந்த நாட்களில் வெற்றிலை போட்டுக்கொண்டு திண்ணையில் வானத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். நிதானம் என்று நினைத்துவிடாதீர்கள், வாயில் வெற்றிலை இல்லாத நேரமெல்லாம் திட்டுவார். இப்போது புரட்டாசிக்குள்ளேயே முக்கால்வாசி சுட்டு அடுக்கிவிடுகிறோம்.

அகல் வாங்கியவர்களுக்கு ஒன்று. புது விளக்கில் உடனே எண்ணெய் ஊற்றாதீர்கள், மண் குடித்துவிடும். முந்தின நாள் ஒரு வாளித் தண்ணீரில் போட்டு வையுங்கள். போட்டதும் ஒவ்வொரு விளக்கிலிருந்தும் சின்னச் சின்னக் குமிழி கிளம்பி மேலே வரும், சீறுகிற மாதிரி மெல்லிய சத்தத்தோடு. எங்கள் வீட்டுக் குழந்தைகள் வாளியில் காதை வைத்துக் கேட்கும். குமிழி நின்றால் விளக்கு தண்ணீர் குடித்துமுடித்தது என்று அர்த்தம். எடுத்துத் துடைத்துக் காயவைத்து, மறுநாள் ஏற்றுங்கள்.


சபா சுற்றி
நவம்பர் 9, காலை 11:20

இன்னும் ஒரு மாதம் பொறுங்கள், டிசம்பர் சீசன் வந்துவிடும். அதைவிட அமைதி உண்டா?


லஸ் முனை
நவம்பர் 9, பகல் 12:02

காலை எட்டு மணிக்கு ஒரு சபா, பத்துக்கு இன்னொன்று, பன்னிரண்டரைக்குக் கேன்டீன் வரிசை, நாலு மணிக்குத் திரும்பவும் ஆட்டோ. ராகத்தைவிட நேர அட்டவணையைத்தான் அதிகம் பார்க்கிறோம். போன வருடம் ஆலாபனை நடுவில் பக்கத்து இருக்கைக்காரர் என்னிடம் "அடை அவியல் தீர்ந்துவிடுமா" என்று கேட்டார். ஒரு நாளைக்கு ஒரு கச்சேரி என்றால் ஒப்புக்கொள்கிறேன்.


திருவொற்றியூர் தேரடி
நவம்பர் 9, இரவு 8:15

மாலை போட்டவர்களைக் கேளுங்கள். கார்த்திகை ஒன்றாம் தேதி நான் போடப் போகிறேன், இது பதினொன்றாவது வருடம். 41 நாள். விடியற்காலையில் பச்சைத் தண்ணீர்க் குளியல், தரையில் பாய், காலில் செருப்பு இல்லை. பக்தியை விடுங்கள், செருப்பு இல்லாமல் வடசென்னைத் தெருவில் மழைக்காலத்தில் நடந்து பாருங்கள். அவசரமாக நடக்கவே முடியாது. ஒவ்வொரு அடியும் பார்த்துத்தான் வைக்க வேண்டும்.

எங்கள் ஊர்க் கோயிலில் ஆதிபுரீஸ்வரருக்கு வருடம் முழுக்கக் கவசம்தான். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும் கவசம் இல்லாமல் பார்க்கலாம். வருகிறவர்கள் வரலாம். கூட்டம் இருக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன்.


மட்டுறுத்துனர்
நவம்பர் 10, காலை 10:00

புயல் எங்கே கரையைக் கடக்கும் என்ற சண்டைப் பதிவுகள் ஏழு, கணிப்பு இழைக்கு மாற்றப்பட்டன. இங்கே தலைப்போடு நில்லுங்கள்.


ஆறுமணிக்குருவி ரசிகை
நவம்பர் 11, மாலை 6:22

அடையாறு பக்கம் இருக்கிறேன். எனக்கு இந்தக் காலத்தின் கடிகாரம் ஒரு பறவை. ஆறுமணிக்குருவி. தோட்டக்கள்ளன் என்றும் சொல்வார்கள். வடக்கே இனப்பெருக்கம் முடித்துக்கொண்டு மழையையொட்டி நம் பக்கம் வரும். வால் குட்டை, உடம்பில் பச்சை, நீலம், அடிவயிற்றில் சிவப்பு. இவ்வளவு நிறத்தையும் வைத்துக்கொண்டு புதரடியில் ஈர இலைக் குப்பையைக் கிளறிக்கொண்டிருக்கும், லேசில் கண்ணில் படாது. விடியலிலும் அந்தி சாயும்போதும் இரட்டை விசில் அடிக்கும், அதனால்தான் இந்தப் பெயர்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு அக்டோபர் காலையில் எங்கள் கார் நிறுத்துமிடத்தில் ஒன்று களைத்துப்போய் உட்கார்ந்திருந்தது. ராத்திரி முழுக்கப் பறந்து வந்திருக்க வேண்டும். காவலாளி அதன் மேல் காற்றோட்டமாக ஒரு அட்டைப் பெட்டியைக் கவிழ்த்து, பூனை வராமல் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். மதியம் பெட்டியை எடுத்ததும் ஒரு முறை எங்களைத் திரும்பிப் பார்த்துவிட்டு மதிலைத் தாண்டிப் போனது. அன்றிலிருந்து மாலையில் அதன் குரலுக்காகப் பத்து நிமிடம் ஜன்னலில் நிற்கிறேன். சில நாள் கேட்கும், சில நாள் கேட்காது.

ராப்பறவை அவர்களுக்கு ஒரு தகவல். சென்னையில் சூரியன் வருடத்திலேயே சீக்கிரமாக மறைவது டிசம்பர் கடைசியில் இல்லை, நவம்பர் மூன்றாவது வாரத்தையொட்டித்தான். மாலை 5.40-க்குள் முடிந்துவிடும். நம் ஊரில் மிக நீண்ட பகலுக்கும் குட்டையான பகலுக்கும் ஒன்றரை மணி நேரம்தான் வித்தியாசம். லண்டனில் நவம்பர் கடைசியில் நான்கு மணிக்கே அஸ்தமனம். அவர்கள் இருட்டுக்கு அடங்கித்தான் வீட்டுக்குள் உட்கார்கிறார்கள். நமக்கு இருட்டு அவ்வளவு கட்டாயப்படுத்துவதில்லை, அந்த வேலையை மழைதான் பார்க்கிறது.


துணி காயாத வீடு
நவம்பர் 15, மாலை 4:10

ஒரு செய்தி. நேற்று என் கணவர் இந்த இழையைப் படித்துவிட்டார் (எந்தப் பெயரில் எழுதுகிறேன் என்று கண்டுபிடித்துவிட்டார், நாற்காலியில் தொங்கும் யூனிஃபார்ம் காட்டிக்கொடுத்துவிட்டது). ராத்திரி துணி எல்லாவற்றையும் அவரே மடித்தார். சட்டையை மடிக்கத் தெரியவில்லை, சுருட்டி வைத்திருக்கிறார். நான் வாயைத் திறக்கவில்லை. சுக்கு காபி போட்டு எடுத்துக்கொண்டு வாசல் படியில் அரை மணி நேரம் தனியாக உட்கார்ந்தேன். மழைகூட இல்லை அப்போது.


முடிச்சூர் அக்கா
நவம்பர் 19, காலை 8:41

மழையளப்பவர் ஐயாவுக்கு.

டப்பா வைத்துவிட்டேன். பால் பவுடர் டின். மாடி வீட்டுப் பையனைச் சேர்த்துக்கொண்டேன், அவன்தான் செங்கல் தூக்கினான். வாசல் தூணில் சிவப்புப் பெயிண்டில் கோடு போட்டாயிற்று. என் கணவர் "வீட்டைக் கெடுக்கிறாய்" என்றார். அப்புறம் அவரே ஸ்பிரிட் லெவல் வைத்துக் கோட்டை நேராக்கினார்.

நேற்று ராத்திரி பதினொன்றுக்குப் பிடித்தது. பழையபடி எழுந்தேன். ஜன்னல் வரைக்கும் போய்விட்டு, கோடு இருக்கிறது, தண்ணீர் அங்கே இல்லை, எவ்வளவு என்று காலையில் தெரிந்துவிடும் என்று சொல்லிக்கொண்டேன். தூங்கிவிட்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன். இரண்டு மணிக்கு ஒரு முறை, நாலு மணிக்கு ஒரு முறை எழுந்தேன். நடுவில் தூங்கினேன்.

இப்போது அளந்தேன். 31 மி.மீ. நான் எண்பது என்று நினைத்திருந்தேன்.


மழையளப்பவர்
நவம்பர் 19, காலை 8:55

அம்பத்தூர் 17. உங்கள் பக்கம் கூடுதல்தான். காலண்டரில் எழுதிவிடுங்கள் அம்மா.


சோழிங்கநல்லூர் ராப்பறவை
நவம்பர் 27, இரவு 10:05

இன்று நவம்பர் நான்காவது வியாழன். அமெரிக்காவில் நன்றி தெரிவிக்கும் நாள், விடுமுறை. நாளையும் பெரும்பாலும் யாரும் வர மாட்டார்கள். வருடத்தில் எனக்கு ஒன்பதரை மணி காலியாகக் கிடைக்கிற அபூர்வமான ராத்திரி. அவர்களுடைய இலையுதிர்காலத்திலிருந்து எனக்குக் கிடைத்த ஒரே பங்கு இது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மகளோடு சேர்ந்து இருபத்தோரு அகலை வாளியில் போட்டோம். கொசப்பேட்டை அண்ணன் சொன்னது அப்படியே நடந்தது. குமிழி நிற்கும்வரை இரண்டு பேரும் குளியலறைத் தரையில் உட்கார்ந்திருந்தோம், எனக்குப் பின்பக்கமெல்லாம் ஈரம். ஒரு விளக்கு மட்டும் ரொம்ப நேரம் குமிழி விட்டுக்கொண்டே இருந்தது. "இதுக்கு ரொம்ப தாகம்பா" என்றாள். கதை அந்த விளக்கைப் பற்றியே சொல்ல வேண்டியதாகிவிட்டது. மனைவி வந்து விளக்கை அணைத்துவிட்டுப் போன பிறகும் முடியவில்லை.

ஜன்னல் திறந்திருக்கிறது. தூறல்தான். பொது மாடியில் நானும் ஒரு டப்பா வைத்திருக்கிறேன். அடுக்குமாடிச் சங்கத்தில் அனுமதி வாங்க மூன்று நாள் ஆயிற்று, அது தனி இழைக்கான விஷயம். நேற்று முன்தினம் பார்த்தால் உள்ளே ஈசல் மிதந்தது. அதோடு சேர்த்து அளக்கலாமா?


மழையளப்பவர்
நவம்பர் 28, காலை 8:33

ஈசலை எடுத்துவிட்டு அளக்கவும். இன்று இங்கே 4.


முடிச்சூர் அக்கா
நவம்பர் 28, காலை 8:47

இங்கே 6. பையன் அளந்தான். நான் இப்போதுதான் எழுந்தேன்.